ஒழுகாத வீடு

மழைக்காகப் போட்ட கூரையில் சோலார் பேனல் நிற்க வேண்டுமானால், முதலில் அந்தக் கூரையில் ஓட்டை போட்டாக வேண்டும். பேனலைத் தாங்கும் இரும்புக் கால், தகரத்தைத் துளைத்துக்கொண்டு அடியில் இருக்கும் மரச்சட்டத்தைப் பிடித்தால்தான் காற்றுக்கு அசையாமல் நிற்கும். ஆகவே, ஒரு வீட்டுக்கு வெளிச்சம் கொடுக்க வருகிறவர் முதலில் அதற்கு ஒழுகலைத்தான் கொடுக்கிறார். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வதுதான் மீதி வேலை எல்லாம்.

வேலைக்குப் புதிதாக வருகிற எல்லோரிடமும் சுகந்தி இதைத்தான் முதலில் சொல்வாள். வால்பாறை மலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு எல்லாம் பேனல் பொருத்தும் ஒப்பந்தத்தில் அவள் பொறியாளர். அந்தச் சித்திரை வெயிலில் அவள் ஏறி நின்றது தங்கை வனிதாவின் வீட்டுக் கூரை. கூடவே ஃபிட்டர் லூர்துசாமி.

"அக்கா, நீ போடுற ஓட்டையை எல்லாம் எண்ணினா எனக்கு மயக்கம் வருது" என்றாள் கீழே நின்ற வனிதா. ஏழு மாத வயிறு. கையில் டீச்சட்டி.

"பயப்படாத தாயி" என்றான் லூர்து. "நான் போட்டாத்தான் அது ஓட்டை. உங்கக்கா போட்டா அதுக்குப் பேரு டிசைன்."

வனிதாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்த வீட்டில் மழைக்காலம் என்றால் பாத்திரக்காலம். சாம்பார் வாளி கட்டிலுக்குப் பக்கத்தில், குக்கர் பீரோ மேல், சருவச்சட்டி அடுப்பங்கரையில். எந்த இடத்தில் எந்தப் பாத்திரம் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். பிறக்கப்போகிற குழந்தையின் தொட்டிலை எங்கே கட்டுவது என்ற கேள்விக்குத்தான் பதில் தெரியவில்லை.

"ஸ்க்ரூவுக்கு அடியில இருந்த பழைய ரப்பர் வாஷர் ஏன் ஒழுகுச்சு தெரியுமா?" என்று கேட்ட சுகந்தி, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. விளக்கம் சொல்வது என்றால் அவளுக்கு அவ்வளவு ஆசை. "பகல் வெயில்ல தகரம் நீளும். ராத்திரிக் குளிர்ல சுருங்கும். ஸ்க்ரூ இருந்த இடத்துலயே இருக்கும், தகரம் மட்டும் தினம் போயிட்டுப் போயிட்டு வரும். நடுவுல மாட்டிக்கிட்ட ரப்பர் எத்தனை நாளைக்குத் தாங்கும்? நைஞ்சு போயிரும். இதைப் பாரு."

அவள் டப்பாவைச் சாய்த்துக் காட்டினாள். உள்ளே சாம்பல் நிறத்தில், இட்லி மாவு பதத்தில் ஒரு பசை. தோட்டத்தில் எல்லோரும் அதை உயிர்ப்பசை என்றே சொன்னார்கள்.

"இதுல ஒரு சிட்டிகைக்குள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிர் தூங்குது. ஈரம் பட்டா முழிச்சுக்கும். பசையிலேயே கலந்திருக்கற தீனியைத் தின்னும். தின்னுட்டுச் சுண்ணாம்பை விடும். அந்தச் சுண்ணாம்பு, ஈரம் வந்த வழியை அடைச்சிரும். வழி அடைஞ்சா ஈரம் வராது. ஈரம் வரலேன்னா திரும்பத் தூங்கிரும். அடுத்த வருஷம் தகரம் அசைஞ்சு மயிர் அளவு விரிசல் விட்டாலும், மறுபடி முழிச்சு அதை அடைக்கும்."

"தின்னும், தூங்கும், தண்ணி பட்டாத்தான் எந்திரிக்கும்" என்றாள் வனிதா. "எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கு."

"எனக்குக் கேக்குது" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தபடி அவள் கணவன் பேச்சிமுத்து வெளியே வந்தான். தேயிலை ஃபேக்டரியில் உலர்த்தும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவன். அண்ணாந்து பார்த்தவன் கண்ணில் ஏதோ பட்டது. "மதினி, அந்தத் தகட்டுக்கு மேல்பக்கம் பூசியிருக்கீக, ரெண்டு ஓரமும் பூசியிருக்கீக. கீழ்ப்பக்கம் விட்டுப்போச்சே."

சுகந்தியின் முகம் மலர்ந்தது. யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள்போல இருந்தது அது. ஒவ்வொரு இரும்புக் காலுக்கும் அடியில் ஒரு சின்னத் தகடு உண்டு. மேலேயிருந்து வழிந்து வரும் நீரை ஓட்டைக்குப் போகவிடாமல் இரண்டு பக்கமும் திருப்பிவிடுகிற தகடு.

"விட்டுப்போகலை, விட்டிருக்கேன். எவ்வளவு நல்லா மூடினாலும் ஒரு சொட்டாவது உள்ள போகப் பார்க்கும். போனது வெளிய வர ஒரு வழி வேணும்ல? நாலு பக்கமும் மூடினா ஓட்டையை அடைச்ச மாதிரி ஆகாது. தண்ணிக்குத் தொட்டி கட்டின மாதிரி ஆகும்."

"கம்பெனிக்காரன் அதெல்லாம் வேண்டாம், இந்தப் பசைக்கு நாலு பக்கமும் பூசலாம்னு சொல்லியிருக்கான் மேடம்" என்றான் லூர்து.

"சொல்லட்டும். என் கை அப்படிப் பழகிருச்சு."

மத்தியானம் வனிதா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். லூர்து மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். உயிர்ப்பசையில் ஒரு சிக்கல் உண்டு: திறந்த டப்பாவை மறுநாளைக்கு வைக்க முடியாது, மலைக்காற்றின் ஈரத்திலேயே இறுகிவிடும். சாப்பிட்ட வீட்டில் மிஞ்சின பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவதும் அந்த மலை வேலைக்காரர்களுக்கு வழக்கமில்லை. மிச்சச் சிமெண்ட் என்றால் வாசல்படிக்கு, மிச்சப் பெயிண்ட் என்றால் ஜன்னலுக்கு. சுகந்தி அடுத்த வீட்டை அளக்கப் போன நேரத்தில், லூர்து டப்பாவை வழித்து எடுத்தான். சுவரும் தகரமும் சேரும் இடுக்கு, முகட்டில் தகரம் ஏறி நிற்கும் வாய், மேலே இருந்த பழைய ஆணித்துளைகள் எல்லாவற்றிலும் பூசிவிட்டான். திரும்பி வந்த சுகந்தி பார்த்தாள். தங்கைக்குச் செய்கிற சீராக அதை எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

லூர்துவுக்கு அந்த லைனில் சோறு போடாத வீடே இல்லை.

*

ஜூன் மாதம் மழை பிடித்தது. வால்பாறை மழை நின்று பெய்கிற மழை. முதல் வாரம் முழுக்க வனிதா பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. இரண்டாம் வாரம் சருவச்சட்டியைக் கழுவி அலமாரியில் கவிழ்த்தாள். அன்றைக்கு அக்காவுக்குப் போன் செய்து, 'சொட்டலைக்கா' என்று சொல்லி அழுதாள்.

பெண் குழந்தை பிறந்தது. கணவன் மனைவி இருவருக்கும் பெற்றோர் இல்லை என்பதால், குழந்தையைக் குளிப்பாட்டும் பொறுப்பைப் பேச்சிமுத்து எடுத்துக்கொண்டான். லைனே சிரித்தது. அவன் கவலைப்படவில்லை. கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கணுக்காலில் குப்புறப் போட்டு, ஆவி பறக்கும் வெந்நீரை அளவாக விளாவி ஊற்றுவான். பிறகு இரும்புச் சட்டியில் கரியைக் கனியவிட்டு, சாம்பிராணி தூவி, புகையில் குழந்தையைக் காட்டித் தொட்டிலில் போடுவான். வனிதா தலைக்குக் குளித்த நாட்களில் அவள் கூந்தலும் அதே புகையில் உலரும். துணிகளும் உலரும். மழைக்குளிரில் அந்தச் சட்டிதான் வீட்டுக்குக் கணப்பு. பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தான். சாரல் வராமல் இருக்க வாசல் கதவுக்கு அடியில் சாக்கை மடித்துத் திணித்திருந்தான்.

"கரண்டுல சூடாக்குற ஹீட்டர் வாங்கித் தரேன், வேண்டாமா?" என்று சுகந்தி போனில் கேட்டாள்.

"மழையில உங்க பேனலே கம்பளி போத்திக்கிட்டுத் தூங்குது மதினி. அதுவும் இல்லாம ஹீட்டர்ல சாம்பிராணி போட்டா மணக்குமா? பிள்ளை இப்ப எப்படித் தூங்குறாங்கிறீங்க! அழுகையே கிடையாது. தங்கம்."

வனிதா போனை வாங்கினாள். "எனக்குத்தான் தலைவலிக்கா. கண்ணைச் சொக்குது. எந்திரிச்சா கிறுகிறுன்னு வருது. பக்கத்து வீட்டு மாரித்தாய் அக்கா, 'பிள்ளை பெத்தவ எல்லாரும் இப்படியாடி படுத்துக் கிடந்தோம்'னு கேட்டுட்டுப் போறாங்க."

"அவங்க கிடக்கறாங்க. நீ நல்லாத் தூங்கு."

"சரி. இன்னொண்ணு. வாசக்கதவை அடைச்சா, கூரையில 'டொப்'புனு ஒரு தடவை சத்தம் கேக்குது. ஒவ்வொரு தடவையும். பூனைகீனை ஏறிப் படுத்திருக்கா?"

"பேனலுக்கு அடியில பூனைக்கு நல்லாக் கதகதன்னு இருக்கும்" என்று சிரித்துவிட்டு சுகந்தி போனை வைத்தாள்.

*

நாலைந்து நாள் கழித்து, மலையின் அந்தப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் வேலை. மழை வலுத்ததால் சுகந்தியும் லூர்துவும் காலைப் பலகாரத்துக்கு ஜீப்புக்குள் ஒதுங்கினார்கள். லூர்துவின் பிளாஸ்டிக் டப்பாவில் இட்லி. சாப்பிட்டு முடித்து அவன் டப்பாவை மூட, மூடியின் ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் மேலே எழும்பியது. அதை அழுத்தினால் இது எழும்பியது.

"பேய் பிடிச்ச டப்பா" என்று திட்டினான்.

"டப்பா நல்ல டப்பா அண்ணே. காத்துப் புகாத டப்பா. நீங்க மூடும்போது உள்ள இருக்கற காத்தையும் சேர்த்து அமுக்குறீங்க. அதுக்கு வெளிய போக வழியில்லை. அதனால எங்க மூடி மெல்லிசா இருக்கோ அங்க தூக்கித் தட்டுது. ஒரு ஓரத்தை லேசாத் தூக்கிக் காத்தை வெளிய விட்டுட்டு மூடுங்க, பேசாம..."

அவள் நிறுத்தினாள்.

"பேசாம?" என்றான் லூர்து.

"பேசாம மூடும்" என்றாள். "அண்ணே, வண்டியை எடுங்க. வனிதா வீட்டுக்கு."

"என்ன ஆச்சு?"

"எடுங்கன்னா!"

ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியது. சுகந்தி வனிதாவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. பேச்சிமுத்துவின் போன் எட்டும் தூரத்தில் இல்லை. லைனில் மற்றவர்கள் எல்லாம் கொழுந்து பறிக்கப் போயிருக்கும் நேரம்.

"கதவை அடைச்சா கூரை தட்டுதுன்னு சொன்னா அண்ணே. நான் பூனைன்னு சொன்னேன்."

"அதனால என்ன மேடம்?"

"வீடு டப்பாவாயிருச்சு. பசைக்கு, மேல பெய்யற மழை எது, கீழேயிருந்து வர்ற ஆவி எதுன்னு தெரியாது. ஈரம் எந்த வழியாப் போனாலும் அந்த வழியை அடைக்கும். வெந்நீர் ஆவி, சோத்துக் கஞ்சி ஆவி, அவங்க விடுற மூச்சு, எல்லாம் கூரை இடுக்கு வழியாத்தான் இத்தனை வருஷமா வெளிய போச்சு. அந்த இடுக்குல எல்லாம் இப்ப பசை இருக்கு."

இடுக்குகளில் பசை எப்படி வந்தது என்பது இருவருக்கும் தெரியும். லூர்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான்.

"மூச்சு முட்டினா ஜன்னலைத் திறப்பாங்கல்ல?" என்று அடுத்த வளைவில் கேட்டான்.

"முட்டாது, அதுதான் பயம். கரி நல்லா எரிய நிறையக் காத்து வேணும். பத்தலேன்னா அரைகுறையா எரியும். அப்ப ஒரு வாயு வரும். நிறம் கிடையாது, வாசம் கிடையாது. நம்ம ரத்தம் பஸ் மாதிரி. ஆக்ஸிஜன் ஏறும், இறங்கும், ஏறும். இந்த வாயு ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டு சீட்டைப் பிடிச்சிரும். அப்புறம் இறங்காது. ஆக்ஸிஜன் நின்னுக்கிட்டே இருக்கும். ஆளுக்குத் தலைவலிக்கும், தூக்கம் தூக்கமா வரும். அவ்வளவுதான் தெரியும். பிள்ளை அழுகிறதே இல்லைன்னு பேச்சி சொன்னான் அண்ணே. அதைக் கேட்டு நானும் சந்தோஷப்பட்டேன்."

இந்தப் பசையைச் செய்தவர்கள் முட்டாள்கள் இல்லை. பல மழைக்காலங்களுக்குச் சமமான நீரைப் பாய்ச்சிச் சோதித்துப் பார்த்தவர்கள். ஆனால் சோதனைக்கூடத்தில் கூரைக்கு மேலே மட்டும்தான் மழை பெய்தது. கூரைக்குக் கீழே யாரும் குளிக்கவில்லை, சமைக்கவில்லை, மூச்சு விடவில்லை.

*

வாசல் கதவு சாத்தியிருந்தது. தாழ் போடவில்லை, ஆனால் சாக்கு இறுக்கிப் பிடித்திருந்தது. லூர்து தோளால் இடித்தான். கதவு திறந்த வேகத்தில், தலைக்கு மேலே மொத்தத் தகரமும் 'டொப்' என்று தட்டியது.

உள்ளே சாம்பிராணி மணம். வனிதா பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள், ஈரக்கூந்தல் தரையில் விரிந்திருந்தது. சேலைத் தொட்டில் அசையாமல் தொங்கியது. சுகந்தி தொட்டிலுக்குள் இரண்டு கையையும் விட்டுக் குழந்தையை எடுத்தாள். கனம் இல்லாமல், வெதுவெதுப்பாக, தலை ஒரு பக்கம் சாய்ந்தது. லூர்து வனிதாவைப் பாயோடு இழுத்து வந்தான். வாசலில் சாரல் முகத்தில் அடித்தது.

சுகந்தி குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினாள். மழைத்தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைத்தாள்.

"ஏய் குட்டி. பெரியம்மா வந்திருக்கேன். அழு. எவ்வளவு வேணும்னாலும் அழு. அழுதுரும்மா."

குழந்தை முகத்தைச் சுளித்தது. வாயைக் கோணியது. பிறகு, அந்த லைன் வீடுகளின் மொத்த நீளத்துக்கும் கேட்கும்படி, ஆத்திரத்தோடு அலறியது.

அந்த அலறலில் வனிதா கண் திறந்தாள். லூர்து வாசல்படியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் பொத்திக்கொண்டான்.

"அக்கா" என்றாள் வனிதா. நாக்குக் குழறியது. "நீ எப்ப வந்த? உள்ள போகாத."

"ஏன்டி?"

"போகாத. சொன்னா வருத்தப்படுவ."

சுகந்தி குழந்தையோடு உள்ளே எட்டிப் பார்த்தாள். கரிச்சட்டியைத் தேடினாள், அதை வெளியே எடுத்துப் போட வேண்டும் என்று. சட்டி தொட்டிலுக்கு ஓர் எட்டு தள்ளி, வழக்கமான இடத்தில் இருந்தது. ஆனால் அதில் நெருப்பு இல்லை. கறுத்த தண்ணீரில் கரித்துண்டுகள் மிதந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

கூரை ஒழுகியது.

அத்தனை ஸ்க்ரூவிலும் அந்த ஒன்று மட்டும், சட்டிக்கு நேர் மேலே.

மருந்து வாங்கப் போயிருந்த பேச்சிமுத்து அப்போதுதான் நனைந்துகொண்டு ஓடி வந்தான். மனைவியைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், இடிபட்ட கதவைப் பார்த்தான். சுகந்தி நடந்ததைச் சொன்னாள். அவன் தரையில் மண்டியிட்டு வனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சட்டி அடிக்கடி அணைஞ்சு போச்சு மதினி. முந்தாநேத்துல இருந்து அந்த இடத்துல சொட்டுது. நான் கரியில ஈரம்னு நினைச்சுத் திட்டிக்கிட்டே இருந்தேன். இன்னைக்கு மருந்துக்குக் கிளம்பும்போதுதான் மேல பார்த்தேன்."

"ஏன் எனக்குச் சொல்லலை?"

பேச்சிமுத்து வனிதாவைப் பார்த்தான். வனிதாதான் சொன்னாள். "நீ ஆசை ஆசையாப் போட்ட கூரை. ஒழுகுதுன்னு எப்படிக்கா உன்கிட்டச் சொல்றது? மழை விட்டதும் இவரையே ஏறித் தார் வைக்கச் சொல்லியிருந்தேன்."

சுகந்தி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்காமல் அழுகையாக மாறியது. அதைக் கண்டு குழந்தை இன்னும் ஓங்கி அழுதது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருவருக்கும் முகமூடி வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் வனிதாவின் தலைவலி விட்டது. "நல்லவேளை, கரி சீக்கிரம் அணைஞ்சுபோச்சு" என்று மட்டும் டாக்டர் சொன்னார். குழந்தை பால் குடித்துவிட்டு, அவர் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பைக் குறுகுறுவென்று பார்த்தது.

*

மறுநாள் சுகந்தி கம்பெனிக்குப் புகார் கொடுக்க உட்கார்ந்தாள். அவர்களுடைய செயலியில் புகார் வகை ஒன்றே ஒன்றுதான்: ஒழுகல். ஒழுகாததைப் பற்றி எந்த இடத்தில் புகார் செய்வது என்று தெரியவில்லை. கம்பெனியில் இருந்த ஒரு பெண்ணைப் போனில் பிடித்து விளக்கிச் சொல்லி முடித்ததும், "மேடம், உங்க கூரை சொட்டுதுன்னு சொன்னீங்களே, அதைச் சரிபண்ண ஆள் அனுப்பட்டுமா?" என்று அவள் அன்பாகக் கேட்டாள்.

"அனுப்பிராதீங்க தாயே" என்றாள் சுகந்தி. மேலதிகாரி வரைக்கும் பேசி, இதற்கு ஒரு வழி தெரியும்வரை அந்த மலையில் புதிதாக யாருக்கும் பசை போகாதபடி நிறுத்துவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது.

சோறு போட்டதற்காக லூர்து மிச்சப் பசையை இடுக்குகளில் பூசிக் கொடுத்திருந்த மற்ற லைன் வீடுகள்தான் அதைவிடப் பெரிய வேலை. சுகந்தியும் லூர்துவும் துளைக்கும் எந்திரத்தோடு போய் நின்றபோது, மாரித்தாய் வாசலை மறித்துக்கொண்டாள்.

"என் கல்யாணத்துல இருந்து ஒழுகின வீடு இது. இப்பத்தான் ஒரு மழையைப் பாயில படுத்துக் கேக்குறேன். இதுல ஓட்டை போட வந்தியா?"

"ஓட்டைதான் போட வந்திருக்கேன் அக்கா. ஆனா ஒழுகாது."

"ஓட்டைன்னா ஒழுகும். எனக்கே பாடம் சொல்றியா?"

"உங்களுக்குத் தலை வலிக்குதா?"

மாரித்தாய் கொஞ்சம் தயங்கினாள். "மழைன்னா வலிக்கும்."

"போன மழைக்கு வலிச்சுதா?"

மாரித்தாய் நெற்றியைத் தேய்த்தபடி உள்ளே நகர்ந்தாள். சுகந்தி உள்ளே போய் ஜன்னல்கள் சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, கதவை ஓங்கி அடைத்தாள். டொப். மாரித்தாய் அண்ணாந்து பார்த்தாள். சுகந்தி கதவைத் திறந்து மறுபடி அடைத்தாள். டொப். பிறகு ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டு அடைத்தாள். கதவின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"உங்க வீடு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு அக்கா."

மாரித்தாய் துளைக்கும் எந்திரத்துக்கு வழிவிட்டாள். "வனிதாவை நான் வேற சோம்பேறின்னுட்டேன்" என்றாள் மெதுவாக. "பிள்ளைக்கு ஒரு படி பால் அனுப்புறேன்னு சொல்லு."

முகட்டுக்குக் கீழே கையளவு வாய் திறந்து, அதன் மேல் தகட்டைக் குல்லாபோலக் கவிழ்த்தார்கள். மேல்பக்கமும் ஓரங்களும் மூடி, கீழ்ப்பக்கம் திறப்பு. சுகந்தியின் பழைய பாடம்தான்: மழை மேலேயிருந்து கீழே வரும், ஆகவே கீழ் விளிம்பு வழியாக உள்ளே ஏறாது. ஆவியும் வாயுவும் அதே விளிம்பு வழியாக வெளியே போகும்.

ஆனால் ஒரு கேள்வி அவளை அரித்தது. வாய் திறந்தால் ஆவி அங்கேதான் போகும். ஆவி போகும் இடத்துக்குப் பக்கத்துப் பசை விழித்துக்கொண்டு மெதுவாக வந்து சேரும். இன்று திறந்த வாய் அடுத்த வருஷம் மூடிக்கொண்டால்?

"மேடம், இங்க வந்து பாருங்க" என்று லூர்து கூப்பிட்டது வனிதாவின் கூரையிலிருந்து. மழை விட்டிருந்த காலை. அந்த ஒழுகிய ஸ்க்ரூவை அவன் கழற்றிக் கையில் வைத்திருந்தான். மற்ற இடங்களில் பசை எலும்புபோல வெள்ளையாக இறுகியிருந்தது. இதில் மட்டும் பழுப்பாக, பொடிப்பொடியாக உதிர்ந்தது. "மோந்து பாருங்க."

சுகந்தி மோந்தாள். சாம்பிராணி.

அவளுக்குப் புரிவதற்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கூரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சாம்பிராணின்னா மரப்பிசின் அண்ணே. மரம் தன் காயத்துல கிருமி புகாம இருக்கத்தான் பிசினைக் கசிய விடுது. பேச்சி தினம் ஒரே இடத்துல சட்டியை வச்சான். புகை தினம் நேரா மேல ஏறி இங்க படிஞ்சுது. இந்த ஸ்க்ரூவுல இருந்த நுண்ணுயிர் எல்லாம் செத்துப்போச்சு. அடைக்க ஆளில்லை, தண்ணி இறங்குச்சு. இறங்கினது நேரா எங்க விழும்?"

"புகை எங்கிருந்து வந்துச்சோ அங்க" என்றான் லூர்து.

"நெருப்பு, தன்னை அணைக்கறதுக்குத் தானே ஓட்டை போட்டுக்கிச்சு."

இருவரும் அந்த ஸ்க்ரூவை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே குழந்தை அழுதது. பேச்சிமுத்து வாசலில் அதைத் தோளில் போட்டு நடந்துகொண்டே, "இப்ப ராத்திரி பகல்னு இல்லாம அழுகிறா மதினி, லைனே தூங்கலை" என்றான். அதைவிடப் பெருமையாக ஒருவன் ஒரு குறையைச் சொல்ல முடியாது.

ஒழுகிய அந்த இடத்தை மூடிவிட்டார்கள், சாதாரண ரப்பர் வாஷரை வைத்து.

இப்போது அந்த மலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் சுகந்தியின் வேலை இப்படித்தான் முடிகிறது. பேனல்களைப் பொருத்தி, கால்களுக்குப் பசை பூசி, முகட்டில் வாய் திறந்து, குல்லாத் தகட்டைக் கவிழ்க்கிறார்கள். பிறகு லூர்து சாம்பிராணியைச் சாராயத்தில் கரைத்து வைத்த குப்பியைத் திறந்து, அந்த வாயைச் சுற்றித் தூரிகையால் ஒரு வளையம் வரைகிறான். பசை அந்த வளையத்தைத் தாண்டாது. மணம் கீழே வரைக்கும் இறங்குகிறது. வீட்டுக்காரர்கள் அதைப் பூஜை என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கிறார்கள். எல்லாவற்றையும் விளக்குகிற சுகந்தி, இதை மட்டும் அவர்கள் கும்பிட்டு முடித்த பிறகுதான் விளக்குகிறாள்.

மிச்சப் பசை டப்பாவில் இருந்தால் லூர்து அதைக் குழியில் கொட்டி மூடுகிறான். சாப்பிட்ட வீட்டுக்குக் கடன்பட்டவன்போல, அதற்குப் பதில் வாசல்படியைச் செதுக்கிக் கொடுத்துவிட்டு வருகிறான்.

கடைசியாக, எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, சுகந்தி ஜன்னல்களைச் சாத்துகிறாள். வாசல் கதவைப் பிடித்து ஓங்கி அடைக்கிறாள். அண்ணாந்து பார்த்துக் காத்திருக்கிறாள்.

கூரை ஒன்றும் சொல்வதில்லை. அவள் மூச்சை விட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போகிறாள்.